தனி அடுப்பு, பொது வளவு

நேமத்தான்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் பழைய வீடு ஒன்றின் முகப்பைக் கடந்து உள்ளே போனால் வளவு வரும். வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் நிறுத்திய தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் பங்கு உண்டு. கல்யாணம் முடிந்த பிறகு பெரியவர்கள் இளம் தம்பதியை ‘வேறு வைப்பார்கள்’. பாத்திரம் பண்டமும் அரிசி பருப்பும் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டச் செய்வார்கள். கணவனை இழந்த தாய்கூட, மகன்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தபடியே தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்வது அங்கே வழக்கமாக இருந்தது.

வெளியூர்க்காரருக்கு இது பிரிவினையாகத் தோன்றலாம். செட்டிநாட்டில் இது சண்டை வராமல் காக்கும் ஏற்பாடு. அடுப்பும் செலவும் தனி; வளவும் சாமியும் முன்னோருக்கான படைப்பும் பொது. யார் எவ்வளவு உப்புப் போட்டார்கள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முற்றத்தில் ஓடி விளையாடும் பிள்ளை எந்த அடுப்புச் சோற்றைத் தின்றது என்பதும் வழக்காவதில்லை.

மணவாழ்க்கை முறிந்த பெற்றோரைப் பற்றிப் பேச இந்த வளவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கணவனும் மனைவியும் பிரியும்போது அடுப்பு மட்டும் தனியாவதில்லை. வீடும் ஊரும், சில குடும்பங்களில் நாடும் தனியாகின்றன. பொதுவாக மிஞ்சுவது பிள்ளை மட்டும்தான். அந்தப் பிள்ளை ஓடி விளையாட ஒரு பொது வளவு மிஞ்சுகிறதா என்பதே கேள்வி. பெற்றோர் இருவரும் முகம் பார்த்துப் பேச முடியாத அளவுக்குப் பகை முற்றியிருந்தால் அந்த வளவை யார் கட்டித் தருவது? உலகின் சில பகுதிகளில் இதற்கென்று ஒரு தொழில் உருவாகியிருக்கிறது. பிரிந்த பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் ‘கோச்சிங்’. நம் ஊர்களில் அது இன்னும் வேர் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கான தேவை நம் குடும்ப நல நீதிமன்றங்களின் தாழ்வாரங்களில் நாள்தோறும் காத்து நிற்கிறது.

பிரிந்தவர்கள் எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலினார் மக்கோபி, ராபர்ட் ம்னூக்கின் இருவரும் கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணமுறிவுக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, 1992இல் அந்த முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்கள். பிரிந்து மூன்றரை ஆண்டுகள் கழித்தும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் குடும்பங்கள் சண்டையிலேயே இருந்தன. ஒத்துழைத்து வளர்த்தவர்கள் பத்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. மிகப் பெரிய கூட்டம் வேறு: ஒருவரோடு ஒருவர் பேசாமல், அவரவர் வீட்டில் அவரவர் வழியில் பிள்ளையை வளர்த்தவர்கள், சுமார் 40 சதவீதம். சண்டையும் இல்லை, ஒட்டுறவும் இல்லை. அந்த ஆய்வில் கவனிக்கத்தக்கது இந்தக் கடைசிக் கூட்டம்தான். பகை முற்றிய பெற்றோரிடம் ‘பிள்ளைக்காகவாவது நண்பர்களாக இருங்கள்’ என்று கேட்பது வீண். சண்டையை விட்டு விலகி நிற்பது அவர்களுக்கு எட்டக்கூடிய இலக்கு. வேறு வைப்பதுபோல.

நம் சட்டங்கள் இதற்காக எழுதப்பட்டவை அல்ல. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் ஒரே கேள்விக்கு விடை தேடுகின்றன: பிள்ளை யாரிடம்? 1956ஆம் ஆண்டுச் சட்டம் இயற்கைக் காப்பாளராகத் தந்தையை முதலில் வைத்து, தாயை ‘அவருக்குப் பின்’ என்று வைத்தது. ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம் என்றும் சொன்னது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று வங்கி கேட்டது. அதை எதிர்த்து எழுந்த வழக்கில் 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்பதற்குத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பெடுக்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்று விளக்கம் தந்தது. சட்டத்தின் சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257ஆம் அறிக்கை, தாய் தந்தை இருவரையும் சமமான காப்பாளர்களாக ஆக்கவும், கூட்டுப் பொறுப்பில் பிள்ளையை விடும் வழியைச் சட்டத்தில் சேர்க்கவும் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது.

ஆனாலும் நீதிபதிகள் இந்தக் குறையை உணராமல் இல்லை. சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973இலேயே, பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று நீதிமன்றம் கண்டித்தது. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில், பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்காத பெற்றோருக்கு நேரில் சந்திக்கும் உரிமையோடு தொலைபேசி, காணொளி வழியாகப் பேசும் உரிமையும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2013இல் ஒரு சிறுவனின் வழக்கில் ஆண்டையே இரண்டாகப் பகிர்ந்தது: ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையிடம், ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடம். கோயில் திருவிழாவில் ‘முறை’ வைத்து நடத்திப் பழகிய செட்டிநாட்டாருக்கு இந்தப் பங்கீடு உடனே விளங்கும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2022இல் வந்த ஓர் ஆணை இன்னும் ஒரு படி மேலே போனது. பிள்ளையைப் பார்க்க வரும் முன்னாள் வாழ்க்கைத் துணையை விருந்தினரைப்போல் நடத்த வேண்டும், சிற்றுண்டியும் இரவு உணவும் தர வேண்டும் என்றார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. தனி நீதிபதியின் நோக்கம் புரிகிறது: பிள்ளையின் கண்முன் தாயும் தகப்பனும் ஒருவரை ஒருவர் மதிக்க வேண்டும். ஆனால் மதிப்பை ஆணையிட்டு வரவழைக்க முடியாது. காபித் தம்ளரை எந்த முகத்தோடு வைப்பது என்பதை எந்தத் தீர்ப்பிலும் எழுத முடியாது. அங்கேதான் நீதிமன்றத்தின் வேலை முடிந்து பயிற்றுநரின் வேலை தொடங்குகிறது.

பயிற்றுநர் என்பவர் வழக்கறிஞரும் அல்ல, மனநல மருத்துவரும் அல்ல, சமரசம் செய்து வைப்பவரும் அல்ல. சமரசத்துக்கு இரண்டு பேரும் வந்து உட்கார வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வழி நன்றாகவே வளர்ந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய சமரச மையம் நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்து எழுந்த முதல் மையம். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவின் உழைப்பு அதன் பின்னால் உண்டு. ஆனால் பகை முற்றிய குடும்பத்தில் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். வந்தாலும் மேசைக்கு அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். பயிற்சிக்கு ஒருவர் வந்தால் போதும். தாயோ தகப்பனோ, யார் வருகிறாரோ அவரோடு தொடங்கலாம். ‘அவரை மாற்ற முடியாது, உங்கள் பதிலை மாற்றலாம்’ என்பது அந்தத் தொழிலின் அடிப்படை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தாய், எட்டு வயதுப் பிள்ளையோடு நேமத்தான்பட்டியில் தன் ஆத்தா வீட்டில் இருக்கிறார். தகப்பன் சென்னையில் வேலை பார்க்கிறார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்கலாம் என்பது நீதிமன்ற ஆணை. வெள்ளிக்கிழமை மாலை பல்லவன் ரயிலில் ஏறினால் இரவு காரைக்குடியில் இறங்கலாம். மறுநாள் சந்திப்பு, பேருந்து நிலையத்தில். அன்று தாய் இரண்டு மணி நேரம் தாமதமாகப் பிள்ளையைக் கொண்டு வருகிறார். இரவு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது:

“ஒவ்வொரு தடவையும் இதே பொழப்பாப் போச்சு. நாலு மணின்னு சொல்லிட்டு ஆறு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல நிக்க வச்ச. உங்க ஆத்தா சொல்றதக் கேட்டுத்தானே ஆடுற. கோர்ட்டுல சொல்லிக்கிறேன்.”

தாயின் விரல் தானாக எழுதத் தொடங்கும் பதில் இது: “மூணு மாசமாப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டல, நேரத்தப் பத்திப் பேச வந்துட்டீங்க. நம்ம வாழ்க்கையக் கெடுத்ததே உங்க ஆத்தாதான். கோர்ட்டுக்கே போங்க, எனக்கும் சொல்ல நிறைய இருக்கு.”

பயிற்றுநர் அந்தப் பதிலை அனுப்ப வேண்டாம் என்கிறார். கோபம் நியாயமா என்று அவர் கேட்பதில்லை. அது நியாயமாகவே இருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் சேர்ந்து எழுதிய பதில் இப்படி அமைகிறது: “பிள்ளைக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டிவிட்டு வந்ததில் தாமதமாகிவிட்டது. மருந்துச் சீட்டின் படம் இணைத்திருக்கிறேன். அடுத்த சந்திப்பு 14ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணி, அதே இடம். தாமதமாகும் என்று தெரிந்தால் 3 மணிக்குள் சொல்லிவிடுகிறேன்.”

இரண்டு ஆத்தாக்களும் இந்தச் செய்தியிலிருந்து வெளியேறிவிட்டார்கள். பள்ளிக் கட்டணமும் இல்லை. அது வேறொரு நாளில், தனிச் செய்தியாக, தொகையும் கடைசித் தேதியும் மட்டும் தாங்கிப் போகும். பணம் வந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன், பிள்ளையைக் காட்டினால்தான் பணம் தருவேன் என்ற முடிச்சை அவிழ்ப்பது பயிற்சியின் முதல் வேலைகளில் ஒன்று. ஜீவனாம்சமும் சந்திப்பும் சட்டத்திலும் தனித்தனி உரிமைகள்.

இந்த எழுத்து முறைக்கு அமெரிக்கரான பில் எடி ஒரு வாய்பாடு தந்தார். குடும்ப வழக்கறிஞராகவும் மனநலச் சிகிச்சையாளராகவும் இருந்தவர் அவர். கடும் பகையோடு வரும் கடிதத்துக்கு எழுதும் பதில் சுருக்கமாக, தகவல் உள்ளதாக, நயமாக, உறுதியாக இருக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் நான்கு இலக்கணம். தவிர்க்க வேண்டியவை மூன்று என்றும் சொல்கிறார்: அறிவுரை, கண்டிப்பு, மன்னிப்புக் கேட்பது. மூன்றாவது நம்மவருக்கு உறுத்தும். தாமதத்துக்கு வருந்துகிறேன் என்று ஒரு சொல் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? எடியின் அச்சம் அந்தச் சொல் நாளை நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டப்படும் என்பது. தமிழ்க் குடும்பத்தில் ஒரு சின்ன வருத்தச் சொல் சில வேளை எதிர்ப்பக்கத்தைப் பாதி தணித்துவிடும். இந்த இடத்தில் அமெரிக்க வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதிரே இருப்பவரை அறிந்து முடிவு செய்யலாம்.

செட்டிநாட்டுக்கு இந்த எழுத்து நடை புதிதும் அல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் தொழில், கணக்கையும் கடிதத்தையும் நம்பி நடந்தது. மூன்றாண்டு தவணைக்குக் கடல் கடந்து போன ஆடவர்களின் பிள்ளைகளை ஊரில் தாயும், தகப்பனைப் பெற்ற அப்பத்தாவும், தாயைப் பெற்ற ஆயாவும் வளர்த்தார்கள். தொகை, தேதி, கப்பல், சரக்கு; பேரேட்டில் வசைக்கு இடமில்லை. கல்யாணத்தன்றே மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ‘இசை குடிமானம்’ என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடும் சமூகம் அது. உறவும் எழுத்தில் இருக்கலாம், அதனால் உறவு குறைந்துவிடாது என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். உறவு முறியும்போதும் ஓர் எழுத்து வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்த எழுத்தைத்தான் மேலை நாடுகளில் வளர்ப்புத் திட்டம் என்கிறார்கள். பகை குறைந்தவர்களுக்கு நான்கு வரி போதும். பகை மிகுந்தவர்களுக்கு அது நுணுக்கமாக இருக்க வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் கொண்டு விடுவது, யார் அழைத்துப் போவது, பள்ளி விடுமுறை எப்படிப் பிரியும், காய்ச்சல் என்றால் யாரிடம் எப்போது சொல்வது, பாஸ்போர்ட் யாரிடம். எழுதாமல் விட்ட ஒவ்வொரு வரியும் ஒரு சண்டைக்கு இடம் வைக்கும். பிள்ளையைக் கைமாற்றும் நேரம்தான் தீப்பற்றும் நேரம் என்பதால், பள்ளி வாசலையே மாற்றுமிடமாக வைப்பது பல நாடுகளில் கையாளப்படும் எளிய உபாயம். காலையில் ஒருவர் கொண்டு விடுகிறார், மாலையில் மற்றவர் அழைத்துப் போகிறார். இருவரும் சந்திக்கவே வேண்டாம்.

பயிற்சியால் பலன் உண்டா? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷார்லீன் வோல்சிக், இர்வின் சாண்ட்லர் ஆகியோர் மணமுறிவு கண்ட 240 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். பிள்ளைகளுக்கு வயது 9 முதல் 12. தாய்மாருக்கு 11 குழு வகுப்புகள்: பிள்ளையோடு உறவை எப்படிக் கட்டுவது, கண்டிப்பை எப்படிச் சீராக வைப்பது, சண்டையிலிருந்து பிள்ளையை எப்படி விலக்குவது. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கும் வகுப்பு. மற்றொரு பிரிவுக்குப் புத்தகங்கள் மட்டும். ஆறு ஆண்டுகள் கழித்து, அந்தப் பிள்ளைகள் பதின்பருவத்தில் இருந்தபோது மறுபடி பார்த்தார்கள். முடிவு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. தாயும் பிள்ளையும் பயிற்சி பெற்ற பிரிவில், கடந்த ஓராண்டில் மனநலக் கோளாறு கண்டறியப்பட்டவர்கள் 11 சதவீதம். புத்தகம் மட்டும் வாங்கிய பிரிவில் 23.5 சதவீதம். புத்தகத்தில் இருந்ததும் நல்ல அறிவுரைதான். ஆனால் இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் அந்தச் செய்தி வந்து விழும்போது புத்தகம் பக்கத்தில் உட்கார்ந்து ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லாது.

வர்ஜீனியாவில் ராபர்ட் எமரி செய்த ஆய்வு சிறியது, ஆனால் நீண்டது. வழக்காடக் காத்திருந்த குடும்பங்களில், குலுக்கல் முறையில் சிலவற்றைச் சமரசத்துக்கும் சிலவற்றை வழக்கமான வழக்குப் பாதைக்கும் அனுப்பினார். சமரசம் நடந்தது சராசரியாக ஐந்தாறு மணி நேரமே. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பிள்ளையோடு வசிக்காத பெற்றோரில் வாரம் ஒரு முறையாவது பிள்ளையைப் பார்த்தவர்கள் சமரசப் பிரிவில் 28 சதவீதம், வழக்குப் பிரிவில் 9 சதவீதம். ஐந்து மணி நேரப் பேச்சு பன்னிரண்டு ஆண்டு உறவைத் தொட்டிருக்கிறது. மிகக் கடுமையான பகைக் குடும்பங்களுக்கென்று மட்டும் செய்த ஆய்வுகள் அல்ல இவை. அதனால் அங்கும் இதே விகிதம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தொடக்கத்திலேயே, பகை இறுகுவதற்கு முன்பே, கை கொடுக்க வேண்டும் என்பதை இரண்டும் காட்டுகின்றன.

இதை அரசே ஏற்று நடத்தும் நாடு ஒன்று தமிழருக்கு மிக அருகில் இருக்கிறது. நகரத்தார்கள் 1859இல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய சிங்கப்பூர். அங்கே 2016 டிசம்பரில் மணவிலக்குக் கேட்கும் பெற்றோருக்குக் கட்டாய வளர்ப்பு நிகழ்ச்சி தொடங்கியது. 2024 ஜூலை 1 முதல், 21 வயது நிறையாத பிள்ளை உள்ள எல்லாப் பெற்றோரும், எல்லாவற்றிலும் உடன்பாடு உள்ளவர்களும்கூட, மனு தாக்கல் செய்வதற்கு முன்பே அதை முடிக்க வேண்டும். மனுவுக்கு முன்பே என்பதுதான் அதில் உயிரான சொல். மனு தாக்கலான பிறகு ஒவ்வொரு நினைவும் குற்றச்சாட்டாக மாறத் தொடங்கிவிடும். இந்த ஏற்பாட்டில், பிரியப் போகிறவர்கள் மனு எழுதும் முன்பு, பிள்ளைக்கு இதை என்ன சொற்களில் சொல்லப் போகிறோம் என்று ஒரு முறையாவது யோசித்திருப்பார்கள்.

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களுக்கு இடம் தருகிறது. உடன்பாட்டுக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவும் வைக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்த முயற்சியின் முதல் கேள்வி ‘சேர்ந்து வாழ முடியாதா?’ என்பதாகவே இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களின் பஞ்சாயத்துக்கும் அதே கேள்விதான். சேர்த்து வை, முடியாவிட்டால் அறுத்துவிடு. அறுத்த பிறகும் தாயாகவும் தகப்பனாகவும் இருப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொடுக்க அங்கே நாற்காலி போடப்படவில்லை. 2013இல் ஸ்ரீநிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மண வழக்குகளைத் தொடக்கத்திலேயே சமரசத்துக்கு அனுப்பச் சொன்னது. அந்தச் சமரச மேசையின் ஓரத்திலேயே இந்த நாற்காலியைப் போடலாம். புதுக் கட்டடம் வேண்டாம். பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

ஆட்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. இந்தியாவில் ‘கோச்’ என்று பலகை மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் வேண்டாம். மருத்துவ உளவியலாளருக்கு மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு உண்டு. பயிற்றுநருக்கு அப்படி ஒரு மன்றம் இல்லை. அமெரிக்காவிலேயே, பெற்றோருக்கிடையே சின்னச் சின்னத் தகராறுகளைத் தீர்த்துவைக்க நீதிமன்றம் நியமிக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு எவ்வளவு அதிகாரம் தரலாம் என்பது தீராத வாதமாக இருந்தது. பென்சில்வேனியா மாநிலம் 2013இல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டு, 2019இல் புது விதிகளோடு திரும்பக் கொண்டுவந்தது. கைக்கெட்டிய தூரத்தில் ஆள் தேடுபவர்கள், அவர் எங்கே பயின்றார், யாருடைய மேற்பார்வையில் இருக்கிறார், நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைத்தால் என்ன செய்வார் என்று கேட்டுத் தெளிவது நல்லது. மற்றவரைப் பார்க்காமலேயே அவருக்கு ஒரு மனநோயின் பெயர் சூட்டும் பயிற்றுநரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

பெயர் சூட்டுவதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் ‘பெற்றோர் விலக்கக் கூட்டறிகுறி’ என்று ஒரு நோய்ப் பெயரை முன்வைத்தார். ஒரு பெற்றோர் பிள்ளையின் மனத்தைக் கலைத்து மற்றவரை வெறுக்கச் செய்வது என்பது பொருள். உச்ச நீதிமன்றம் 2017இல் விவேக் சிங் வழக்கில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டுப் பேசியது. பிள்ளையின் மனத்தைக் கலைப்பது நடக்காத ஒன்றல்ல. தமிழ்க் குடும்பங்களில் அதைக் கண்ணால் கண்டவர்கள் ஏராளம். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோய்ப் பட்டியல் இதைத் தனி நோயாக ஏற்கவில்லை. பிள்ளை உண்மையிலேயே அஞ்சி ஒதுங்கும் இடங்களில்கூட, தாய் சொல்லிக்கொடுத்ததால்தான் ஒதுங்குகிறது என்று வாதிட இந்தப் பெயர் கருவியாகிவிட்டது என்பது நெடுநாள் குற்றச்சாட்டு.

அடி உதை இருக்கும் வீட்டை ‘இரு பக்கமும் சண்டை’ என்று எழுதுவது அநீதி. அங்கே நயமான செய்தி எழுதப் பயிற்சி கொடுப்பது, அடி வாங்கியவர் மீதே அடித்தவரைச் சமாதானப்படுத்தும் சுமையையும் ஏற்றுவதாகும். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதுகாப்பு ஆணையோடு பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பையும் கேட்க வழி தருகிறது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. நல்ல பயிற்றுநர் முதல் நாளே, அந்த மனிதர் முன் பேச உங்களுக்கு அச்சமாக இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுவிடுவார். ஆம் என்றால் அவருடைய பயிற்சி அங்கே நின்றுவிட வேண்டும்.

மேலைநாட்டுப் பயிற்சி முறைகளை இங்கே கொண்டுவரும்போது போதாமல் போகும் இடம் ஒன்று உண்டு. அவை இரண்டு பேரை மட்டும் கண்முன் வைத்து எழுதப்பட்டவை. இங்கே பகை இரண்டு பேருக்கு நடுவே நிற்பதில்லை, இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. அம்மான் ஒருவர் வழக்குச் செலவைத் தாங்குகிறார். அத்தை ஒருத்தி ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்தியையும் வாங்கிப் படிக்கிறார். பிள்ளையைக் கையில் ஏந்தி வளர்ப்பது பெரும்பாலும் அப்பத்தாவோ ஆயாவோதான். தாய்க்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஆயாவை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

பிள்ளை தகப்பனோடு ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஆயா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் கேள்வி: “அங்கெ ஒனக்குச் சோறு போட்டாங்களா?” பாசத்தில் கேட்கிற கேள்விதான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் விடையும் சேர்ந்தே வருகிறது. அங்கே நன்றாக இருந்தது என்று சொன்னால் ஆயாவின் முகம் வாடும். சோறு சரியில்லை என்றால் ஆயா அணைத்துக்கொள்வார். நான்கு தடவை இப்படிக் கேட்டால் ஐந்தாம் தடவை பிள்ளை தானாகவே குறை சொல்லத் தொடங்கும். அதைக் கேட்டு வழக்கறிஞரிடம் ஓடுவார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கெட்டவரும் இல்லை. ஆயாவோடு உட்கார்ந்து, அந்தக் கேள்வியை “பசிக்குதாப்பா?” என்று மாற்றிப் பழக்குவதுகூட ஒரு பயிற்சிதான். வழக்கு நடக்கும் வீடுகளில் இந்த ஒரு மாற்றத்துக்கே பல வாரம் பிடிக்கும், ஏனென்றால் ஆயாவும் தம் மகளுக்காக நொந்து போயிருக்கிறார். அந்த நோவைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். தகப்பன் வீட்டில் அப்பத்தாவுக்கும் இதே நிலைதான்.

நாள் கிழமைகள்தான் மிகக் கடினம். திருக்கார்த்திகைக்கு இருபத்தோராம் நாள் வரும் பிள்ளையார் நோன்பு நகரத்தார் எங்கிருந்தாலும் குடும்பத்தோடு கூடும் இரவு. மாவில் இருபத்தோர் இழைத் திரியை வைத்து, ஏற்றிய சுடரோடு வாயில் இட்டுக்கொள்வது வழக்கம். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். இந்த இரவு பிள்ளை எந்த வீட்டில் இருக்கும்? பகை முற்றிய குடும்பத்தில் கார்த்திகை பிறக்கும்போதே இந்தக் கேள்வி வீட்டுக்குள் புகுந்துவிடும். நோன்பன்று இரு பக்கத்திலிருந்தும் அழைப்பு வரும், பிள்ளையிடமே கைபேசியைக் கொடுத்து ‘நீயே சொல்லு’ என்பார்கள்.

கற்பனைக் குடும்பத்தின் வளர்ப்புத் திட்டத்தில் அந்த வரியை எழுதி முடிக்க மூன்று அமர்வுகள் ஆகலாம். ஒற்றைப்படை ஆண்டில் அப்பச்சி (தகப்பன்) வீடு, இரட்டைப்படை ஆண்டில் ஆத்தா (தாய்) வீடு. நோன்பன்று மாலை 4 மணிக்குக் கொண்டு விடுவது, மறுநாள் காலை 10 மணிக்கு அழைத்துப் போவது. அந்த ஆண்டு பிள்ளை இல்லாத வீட்டுக்கு, இழை எடுத்த பிறகு ஒரு காணொளி அழைப்பு, பத்து நிமிடம். அந்த அழைப்பில் பெரியவர்கள் பேசுவது பிள்ளையிடம் மட்டும். அதற்குக் கீழே, எந்த வீட்டில் இழை எடுக்க ஆசை என்று பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை என்று ஒரு வரி எழுதி, இரு வீட்டு மூத்தவர்களும் கையெழுத்திடுகிறார்கள்.